சம்பளத்துக்கு எழுதினால் மட்டமா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹைடன் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் சிம்பொனிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தவர், பாரிட்டன் ட்ரியோக்களை (பாரிட்டன் என்ற பழைய தந்தி வாத்தியத்தோடு இன்னும் இரண்டு வாத்தியங்கள் சேரும் உருப்படிகளை) ‘எஜமானரின் பொழுதுபோக்குக்காகச் சம்பளத்துக்கு எழுதியவை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். சம்பளத்துக்கு எழுதியது உண்மைதான். அதற்காக ஒதுக்கினால் அந்தச் சிம்பொனிகளிலும் பாதிக்கு மேல் போய்விடும்.

அந்த எஜமானர், இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாசிக்குப் பாரிட்டன் என்றால் பித்து. அந்த வாத்தியத்துக்கு இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று 1765-ல் ஹைடனுக்குக் கண்டிப்பான உத்தரவு போனது. 1766 ஜனவரியில் மூன்று உருப்படிகள் கைக்கு வந்ததும் இளவரசருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 12 டுகாட் பொற்காசு கொடுங்கள், இதேபோல இன்னும் ஆறு எழுதச் சொல்லுங்கள் என்று நிர்வாகிக்கு எழுதினார். கடைசியில் ட்ரியோக்கள் மட்டுமே 120-ஐத் தாண்டின. ஹைடன் தானும் இரவெல்லாம் அந்த வாத்தியத்தைப் பழகி வாசித்துக் காட்டினாராம், இளவரசர் கண்டுகொள்ளவில்லையாம். எஜமானர்கள் எந்த ஊரிலும் அப்படித்தான்!

கட்டுரையில் வாத்தியத்தைப் பற்றியே ஒன்றும் இல்லை. கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிப்பது. முன்னால் ஆறு அல்லது ஏழு நரம்புத் தந்திகள். அவற்றுக்குப் பின்னால் உலோகத் தந்திகள், சிதாரின் தரப் தந்திகள் மாதிரி தாமாகவே அதிரும். கழுத்தின் பின்புறம் திறந்தே இருப்பதால் இடது கைக் கட்டைவிரலால் அவற்றை மீட்டவும் முடியும். வில் ஒரு பக்கம் பாட்டைக் கொண்டுபோக, அதே ஆள் பின்னாலிருந்து சுண்டிக்கொண்டும் இருக்கலாம்.

இளவரசர் பெரிய வித்வான் இல்லை. அதனால் பாரிட்டனுக்குக் கைக்கு அடங்கும் வரிகள்தான். சுருதியும் பெரும்பாலும் டி, ஏ, ஜி மேஜரைத் தாண்டாது. இத்தனை கட்டுக்குள் ஹைடன் செய்திருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ட்ரியோக்களில் வயலின் கிடையாது. துணைக்கு வயோலாவும் செல்லோவும். மூன்றும் கனத்த குரல்கள், கொஞ்சம் அசந்தால் குழம்பிப்போகும். அவர் கையில் அப்படி ஆவதில்லை.

97-ஆம் எண் ட்ரியோவைக் கேட்டுப் பாருங்கள். இளவரசரின் பிறந்தநாளுக்கு எழுதியது, ஏழு பகுதிகள். மெல்லத் தொடங்கி, நடுவில் ஒரு பொலனேஸ் நடனம் ஆடி, கடைசியில் ஒரு ஃபியூகில் போய் முடிகிறது. ஒரே மெட்டை ஒவ்வொரு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிப்போகும் கடினமான வடிவம் அது. எஜமானரைக் குளிர்விப்பது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டு மினுவெட் நடனம் போதுமே, ஃபியூக் எதற்கு?

ஒரு வேண்டுகோள். கேட்க வேண்டிய இசைத்தட்டுகளின் பட்டியல் போடுவீர்களானால் பாரிட்டனிலேயே வாசித்த பதிவைக் குறிப்பிடுங்கள். எஸ்டர்ஹாசி என்செம்பிள் குழுவினரின் பதிவு இருக்கிறது. செல்லோவுக்கு மாற்றி வாசித்தவையும் கிடைக்கும். சுரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பின் தந்திகளின் ரீங்காரம் அதில் கிடைக்காது.

வாசகர்,
தஞ்சாவூர்