குளிர் ஏறும் சிமெண்டுத் தரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் கேமரன் மலை தானா ராத்தாவில், இரவில் 15 டிகிரி வரை குளிர்வது வழக்கம். தரைக்குச் சூடேற்றுவதா என்று கீழே வெப்பமான ஈப்போ நகரில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். மண்ணின்மேல் நேரடியாகப் போட்ட பழைய சிமெண்டுத் தரையில் விடியற்காலையில் வெறுங்காலோடு நடந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

வயதான தாயாருக்காக வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டியபோது, குத்தகையாளர் பழைய தரையின்மீதே மின்சூட்டுக் கம்பியைப் பதித்து டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். மின்கட்டணம் ஏறியதே தவிர, தரை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அம்மா பழையபடி கட்டிலருகே கோணிச் சாக்கை விரித்துக்கொண்டார். கொடுத்த சூட்டில் பெரும்பகுதியை அடியிலிருந்த மண்ணும் வெளிச்சுவரை ஒட்டிய விளிம்பும் வாங்கிக்கொண்டிருந்தன.

டைல்ஸை உடைத்தெடுத்த பின், ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் தரையோடு ஒட்டி வைத்தேன். மறுநாள் பிரித்தால் உட்புறத்தில் முத்து முத்தாக நீர். அந்த இடம் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, பழைய தரையைத் தோண்டியெடுத்து, தடித்த பாலித்தீன் விரிப்பைச் சுவரோரம் வரை மடித்தேற்றிப் புதிய கான்கிரீட் போட்டு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் பாலிஸ்டைரின் வெப்பக்காப்புப் பலகையைப் பரப்பி, கம்பியைப் பொருத்தி, 65 மில்லிமீட்டர் சிமெண்டுப் பூச்சு கொடுத்தோம். அந்த 50 மில்லிமீட்டர் பலகை தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 2 மீட்டர் கனம் தேவைப்படும். சுவரோரங்களிலும் பலகைத் துண்டுகளைச் செருகினோம். பூச்சைச் சீக்கிரம் காயவைக்கும் அவசரத்தில் சூட்டைப் போட்டால் வெடித்துவிடும் என்பதால் 21 நாள் தொடவில்லை. பனிமூட்டம் விலகாத இவ்வூரில் அது முழுதாகக் காய மூன்று மாதத்துக்கு மேலாயிற்று.

தோண்டாமல் பழைய தரையின்மேலேயே இவற்றையெல்லாம் அடுக்கினால், தரை நான்கரை அங்குலம் உயர்ந்து கதவுகளை அறுக்க வேண்டிவரும். முதலிலேயே யோசித்திருந்தால், ஒரே தரைக்கு இரண்டு முறை கூலி கொடுத்திருக்க மாட்டோம். வீட்டு விரிவாக்க வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் மாவட்ட மன்றம், ஈரத்தடுப்பு விரிப்புக்கும் காப்புப் பலகைக்கும் தரைமட்டத்தில் இடம் விடப்பட்டுள்ளதா என்று விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வியைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தானா ராத்தா