முடிவே இல்லாமல் எழுதப்பட்ட இசை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. நீ கேட்டிருந்த கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால்தான் இந்தத் தாமதம். வீடியோ கேம் இசையை ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா மேடையேறி வாசிப்பதும், அதைக் கேட்க அரங்கம் நிறைய ஆட்கள் வருவதும் பழைய நினைவுகளுக்குக் கொடுக்கிற விலையா, அல்லது அந்த இசைக்கே அந்தத் தகுதி உண்டா என்று கேட்டிருந்தாய். இரண்டும் உண்டு என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் இந்த நாள்களில் என்னிடமுள்ள ஒலிப்பதிவுகளை மாலைதோறும் மறுபடி கேட்டபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய எனக்கென ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒவ்வொரு உருப்படியும் எப்படி முடிகிறது என்பதுதான் அது.

நாம் ஒரே கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து விளையாடிய காலத்தை நினைத்துப்பார். அந்த இசைக்கு முடிவு என்ற ஒன்றே கிடையாது. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ ஓடும். பிறகு தையல் தெரியாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். விளையாடுபவன் அந்தக் கட்டத்தில் இரண்டு நிமிடம் நிற்பானா, இரண்டு மணி நேரம் திண்டாடுவானா என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. எத்தனை முறை சுற்றி வந்தாலும் சலிக்காதபடி எழுதுவதே அவருடைய வேலை. நாம் கேட்ட ஒரே முடிவு, சுவிட்சை அணைத்தபோது எழுந்த 'டக்' என்ற சத்தம்தான். பிற்பாடு அதே இசை குறுந்தகடாக வந்தபோது, இரண்டு சுற்று ஓடவிட்டு மெல்லக் குறைத்து அணைப்பதே வழக்கமாயிற்று. மேடையில் இந்த இரண்டு தந்திரமும் செல்லாது. ஆர்கெஸ்ட்ராவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் எங்கேயாவது கையை இறக்கித்தான் ஆகவேண்டும். எங்கே, எப்படி என்பதை மூல இசை சொல்லித் தராததால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

இதை முதலில் செய்தவர் தொடக்கத்திலிருந்தே ஆர்கெஸ்ட்ராவை மனத்தில் வைத்து எழுதியவர் என்பது நம் நல்ல காலம். ஜப்பானிய இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' என்ற வீடியோ கேமுக்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 55; தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் ஏற்கெனவே பெயர் பெற்றவர். ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தின் கணினி வடிவத்தை விளையாடிவிட்டு, அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு அவர் அனுப்பிய ஒரு கருத்து அட்டைதான் அவரை இந்தத் துறைக்குள் இழுத்துவந்தது. 'டிராகன் குவெஸ்ட்' முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மறு ஆண்டு, 1987 ஆகஸ்ட் 20 அன்று, டோக்கியோவின் சன்டோரி ஹாலில், அந்த அரங்கம் திறந்து ஓராண்டு கூட நிறையாத நிலையில், ஒரு தந்தி வாத்தியக் குழு அதே இசையை வாசித்தது. விளையாட்டு இசைக்கென்றே நடந்த முதல் கச்சேரியாக இதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் தந்தி வாத்தியக் குழு என்று யோசித்தால் ஒரு சுவையான காரணம் தென்படுகிறது. அந்த விளையாட்டு ஓடிய ஃபாமிகாம் என்னும் கேம் கருவியின் சிப்பில் இருந்தவை ஐந்தே தடங்கள்: இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், தரம் குறைந்த பதிவுகளை ஒலிக்க ஒரு தடம். பெரும்பாலும் கீழ்ச்சுரத்துக்குப் பயன்பட்ட அந்த முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கூடக் கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். ஆகவே மெட்டுக்கென மிஞ்சியவை இரண்டு மூன்று குரல்கள்தான். இரண்டு குரல்களை ஒன்றையொன்று துரத்தவிட்டு ஒரு மாளிகையையே எழுப்பிக் காட்டும் கலையை, பழைய ஐரோப்பியச் செவ்வியல் இசை மேதை பாக் காலத்து இசையிலிருந்து சுகியாமா எடுத்துக்கொண்டார். அப்படி எழுதியதை வயலினுக்கும் செல்லோவுக்கும் பிரித்துக் கொடுப்பது, வேற்றூரில் இருந்தவனை வீட்டுக்கு அழைத்துவருவது போலத்தான்.

எல்லா இசையும் அவ்வளவு எளிதில் மேடைக்கு வராது. தடங்கள் போதாதபோது அந்தக் கால இசையமைப்பாளர்கள் மூன்று சுரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கச்செய்து, சேர்ந்து ஒலிப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கினார்கள். அதை அப்படியே வயலின்களுக்கு எழுதிக் கொடுத்த ஒரு கச்சேரியைக் கேட்டிருக்கிறேன். தையல் இயந்திரம் ஓடியது போலிருந்தது. ஏழ்மையால் வந்த தந்திரம் எது, இசையின் உயிர் எது என்று பிரித்தறிவதுதான், மூல இசையை ஆர்கெஸ்ட்ராவுக்காகத் திருத்தி எழுதும் மறு அமைப்பாளரின் முதல் சோதனை. இதற்கு நேர்மாறான ஒரு மகிழ்ச்சியும் உண்டு. அந்தச் சிப்பில் குதிக்கும் ஓசைக்கும் காசு எடுக்கும் ஓசைக்கும் தனித் தடம் இல்லாததால், அவை இசையிலிருந்து ஒரு குரலைப் பிடுங்கிக்கொண்டுதான் ஒலிக்கும். நாம் குதிக்காமல் நின்றதே இல்லை என்பதால், அந்தத் துணைக்குரலை முழுதாகக் கேட்டதும் இல்லை. மேடையில் கேட்கும்போது பலருக்கும் 'இப்படி ஒரு வரி இருந்ததா!' என்ற வியப்பு வருவது இதனால்தான்.

ஜப்பானுக்கு வெளியே இத்தகைய கச்சேரி பரவியது 2003இல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கெவண்ட்ஹவுஸ் அரங்கில், தோமஸ் போக்கர் ஏற்பாட்டில் செக் நாட்டு ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக், 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற விளையாட்டு வரிசைக்கு நோபுவோ உயெமாட்சு அமைத்த இசையை வாசித்தது. 2005இல் ஹாலிவுட் பௌலில் திரை, ஒளிவிளக்கு, மேடைப் போட்டி சகிதம் தொடங்கிய 'வீடியோ கேம்ஸ் லைவ்' நிகழ்ச்சிக்கு 11,000 பேர் வந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராகச் சுற்றும் கச்சேரிகள் பெருகின. 2022இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் என்னும் செவ்வியல் இசை விழாவிலேயே ஒரு மாலை இதற்கென ஒதுக்கப்பட்டது.

திரை வைத்து நடத்தும் கச்சேரிகளோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படத்தோடு ஒத்துப்போவதற்காக நடத்துநரின் காதில் சீரான 'டிக் டிக்' ஓடிக்கொண்டிருந்தால், ஓரிடத்தில் சற்று நின்று மூச்சுவிட அவருக்கு உரிமை இல்லாமல் போகிறது. கூட்டமும் காட்சிக்குக் கை தட்டுகிறதே தவிர, வாசிப்புக்கு அல்ல. முடிவு வந்ததும் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரு பெரும் முழக்கம், மேலே ஜாலரா; முடிந்துவிட்டது, கைதட்டுங்கள் என்று அறிவிப்பது போல. நான் போயிருந்த அப்படிப்பட்ட கச்சேரி ஒன்றில் பாதியில் திரை அணைந்துவிட்டது. ஒரு நிமிடம் சலசலப்பு. ஆர்கெஸ்ட்ரா மட்டும் நிறுத்தவில்லை. வேறு வழியின்றி எல்லாரும் வாசிப்பவர்களைப் பார்க்கத் தொடங்கினோம். ஹார்ன் வாசிக்கும் பெண்மணி, தன் முறை வருவதற்கு முன் வாத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே தேங்கிய நீரை வடித்துவிட்டு, ஒரு மூச்சை உள்ளே இழுத்து, மிகத் தாழ்ந்த ஒலியில் அந்த மெட்டை எடுத்தார். அன்று இரவு முழுவதிலும் என் நினைவில் நின்றது அதுதான். திரை திரும்ப வந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

போக்கர் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். அவர் மேடையில் திரை கிடையாது. 2013இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் அரங்கேறி, அதே மாதம் லண்டன் பார்பிகன் அரங்கில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்து, பிறகு அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவாகி 2015இல் வெளிவந்த 'ஃபைனல் சிம்பொனி'யைத்தான் உனக்கு முதலில் சிபாரிசு செய்வேன். இதை மறு அமைப்பு செய்த பின்லாந்தின் யோன்னே வால்டோனெனும் ரோஜர் வனமோவும், ஜப்பானின் மசாஷி ஹமாவுசுவும் மெட்டுகளை வரிசையாகக் கோக்கவில்லை. 'ஃபைனல் ஃபேன்டஸி' பத்தாம் பாகத்தை ஒரு பியானோ கான்செர்ட்டோவாகவும் (பியானோ முன்னின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் வடிவம்), ஏழாம் பாகத்தை மூன்று பகுதிகள் கொண்ட சிம்பொனியாகவும் மறுபடி கட்டினார்கள். ஏழாம் பாகத்தின் இறுதிச் சண்டை இசையை உயெமாட்சு சின்னச் சின்னத் துண்டுகளாகத் தனித்தனியே எழுதிவைத்து, பிறகுதான் ஒட்டிச் சேர்த்தார். மூலத்தில் லத்தீன் மொழியில் பாடகர் குழு முழங்கும் அந்த இசை இங்கே குரலே இல்லாமல், மறுபடி துண்டுகளாகச் சிதறி, எதிர்பாராத இடங்களில் தலைகாட்டி மறைகிறது. ரசிகர்கள் சிலருக்கு இது ஏமாற்றம். மனப்பாடமான பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முடிவு வருவது முன்கூட்டியே காதில் விழ, அது வந்து சேரும்போது 'ஆம், இங்கேதான்' என்று தோன்றிய இடம் எனக்கு இதில்தான் கிடைத்தது.

ஒலிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நீயும் ஒருகாலத்தில் பதிவுக் கூடங்களைச் சுற்றியவன். இன்று விளையாட்டுக்காகவே ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்யும்போது, பல வேளைகளில் தந்தி வாத்தியங்களைத் தனியாகவும் பித்தளை வாத்தியங்களைத் தனியாகவும் வாசிக்கவைக்கிறார்கள். விளையாட்டில் எதிரி அருகில் வந்தால் இசையில் ஒரு அடுக்கு ஏற வேண்டும், விலகினால் இறங்க வேண்டும்; எல்லாரும் சேர்ந்து வாசித்துவிட்டால் பிரிக்க வழியில்லை. விளைவாக, ஒருவரையொருவர் கேட்காமலே வாசித்த ஆர்கெஸ்ட்ரா அது. சுத்தமாக இருக்கும், ஆனால் குளிரும்.

இந்தச் சிக்கலை மறுபக்கமிருந்து அவிழ்த்தவர் இசையமைப்பாளர் ஆஸ்டின் வின்டோரி. 2012இல் வந்த 'ஜர்னி' என்ற விளையாட்டின் இசை மாசிடோனிய ஆர்கெஸ்ட்ராவும் டீனா குவோவின் செல்லோவும் சேர்ந்தது. கிராமி விருதுக்குத் திரையிசைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் விளையாட்டு இசை அதுவே. பிற்பாடு அதை மேடையேற்றியபோது, மேடையிலேயே ஒருவர் விளையாட, வாத்தியக்காரர்கள் அவரைப் பார்த்து வாசித்தார்கள். அவர் மணல்மேட்டில் நின்றால் அவர்களும் அந்த வரியையே சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருப்பார்கள், நகர்ந்தால் நகர்வார்கள். என் மனத்தாங்கலை மீறித் திரை அங்கே இருந்தது, ஆனால் ஆட்டுவித்தது திரை அல்ல, விளையாடுபவரின் கை. சுற்றும் இசையைச் சுற்றும் இசையாகவே விட்டு, முடிவை மட்டும் ஒரு மனிதரின் கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

நீ முதலில் 'ஃபைனல் சிம்பொனி'யின் கான்செர்ட்டோவை, ஹெட்போன் இல்லாமல், அறையில் சத்தமாக வைத்துக் கேள். உடனே அதன் மூலத்தை, பழைய விளையாட்டில் ஒலித்தபடியே தேடிக் கேள். அதை எந்த இடத்தில் அணைத்தாய் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்