கதவு திறக்கும் முன் நடக்கும் வியாபாரத்துக்கும் விதி எழுதுங்கள்

நாணயக் கண்காட்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தரும் விண்ணப்பப் படிவத்தில் மேசை வாடகை, விளக்கு, கண்ணாடிப் பெட்டி, காவல் ஏற்பாடு எல்லாம் விவரமாக இருக்கிறது. வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்பே, மேசை போடும் நேரத்திலேயே நிறையச் சரக்கு கை மாறிவிடுவது உங்களுக்கும் தெரியும். அதற்கு எழுத்தில் விதி வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த நேரத்தையே ரத்துசெய்யச் சொல்கிறார்கள் சில சேகரிப்பாளர்கள். நல்ல காசையெல்லாம் வியாபாரிகளே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வருத்தம். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் ரத்துசெய்தால் அவர்களுக்கும் நஷ்டம்தான். பழைய சேகரிப்பு ஒன்றை மொத்தமாக வாங்கியவரிடம் எல்லாக் காலத்துக் காசும் கலந்து கிடக்கும். அதிலுள்ள ரோமானிய வெள்ளிக் காசைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தெரிந்தவர் நான்கு மேசை தள்ளி இருப்பார். காசு அந்த மேசைக்குப் போனால்தான் எந்தப் பேரரசர், எந்த நாணயச்சாலை, அசலா போலியா என்ற விவரத்தோடு சேகரிப்பாளர் கண்ணில் படும்.

இரண்டு வியாபாரிகள் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒருவர் நீளப் பெட்டியை நகர்த்தி வைப்பார். மற்றவர் விளக்கை இழுத்துக்கொண்டு, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்ப்பார். அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு கெடாத காசில் ஒளி வண்டிச் சக்கரம் போலச் சுற்றிவரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் அது வராது. காசு வைத்த கவரின் மூலையில் பென்சிலால் சில எழுத்துகள் இருக்கும். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்து, எழுத்துக்கு ஓர் இலக்கமாக, வாங்கிய விலையை விற்பவர் தனக்கு மட்டும் புரியும்படி குறித்தது அது. வாங்குபவர் வேண்டியதை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, “மொத்தமா எடுத்தா என்ன?” என்பார். அமெரிக்கக் காசு என்றால் 1963 முதல் வரும் கிரேஷீட் விலைத்தாளை வைத்து, அதில் போட்ட கொள்முதல் விலைக்கு எத்தனை சதவீதம் மேலே, எத்தனை சதவீதம் கீழே என்றுதான் பேச்சு நடக்கும். 1980களில் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் வந்து, 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் தரம் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தர ஆரம்பித்த பிறகு, பார்க்காமலே விலை பேசுவதும் வந்தது. ஆனாலும் ஒரே தரம் போட்ட இரண்டு காசுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால்தான் இன்னமும் நேரில் வந்து விளக்கடியில் உட்காருகிறோம்.

இதெல்லாம் வாய்ச்சொல்லில் நடக்கிறது. பழையவர்களுக்கு முறை தெரியும். ஒருவர் கையில் காசு இருக்கும்வரை இன்னொருவர் அதற்கு விலை கேட்க மாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, “நான் அதிகம் தர்றேன்” என்கிறார்கள். “யோசித்துச் சொல்கிறேன்” என்று போனவருக்காக எவ்வளவு நேரம் எடுத்து வைப்பது என்பதிலும் ஓயாத சண்டை. நேரம் குறிப்பிட்டுச் சொன்னால் அதுவரை காசு அவருக்கு, சொல்லாவிட்டால் யாருக்கும் விற்கலாம் என்று எழுதிவிட்டால் போதும்.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. விற்க வந்தவர் தன் பெட்டியை என்னிடம் தருகிறார். ஒவ்வொன்றாகப் பார்த்து, நாணயமான விலை ஒன்றைச் சொல்கிறேன். அவர் அந்தத் தொகையை அப்படியே அடுத்த மேசைக்குக் கொண்டுபோய், “அவர் இவ்வளவு தர்றார், நீங்க?” என்கிறார். நாலு பேரிடம் விலை கேட்பது அவர் உரிமை. ஆனால் ஒருவர் உழைத்துச் சொன்ன தொகையை இன்னொருவரிடம் காட்டிப் பேரம் பேசுவது தப்பு. அடுத்தவர் காசைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் முடிந்தது. இதில் சூடுபட்டவர்கள் முதலில் குறைத்தே சொல்லப் பழகிவிட்டார்கள். பாதிக்கப்படுவது, நம்மை நம்பி வந்து ஒரே மேசையில் விற்றுவிட்டுப் போகும் சாதாரண மனிதர்.

வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று பணம் தராமல் எடுத்துப்போகும் சரக்குக்குச் சீட்டு கட்டாயமாகட்டும்: காசு, விலை, திருப்பித் தரும் நேரம், கையெழுத்து. இடையில் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். போலி என்று பின்னால் தெரிந்தால், கண்காட்சி முடிந்துவிட்டது என்று விற்றவர் கைவிரிக்கக் கூடாது. தரச்சான்றுப் பெட்டிகளையே போலியாகச் செய்கிற காலம் இது. அப்புறம், பையோடு நடந்து வருபவரை நடைபாதையிலேயே மடக்கி வாங்குவதற்குத் தடை வேண்டும். மேசைக்கு வாடகை கொடுத்தவர் மேசையில்தான் வாங்க வேண்டும்.

தகராறு வந்தால் அன்றைக்கே கேட்டுத் தீர்க்க, வெவ்வேறு துறை வியாபாரிகள் மூன்று பேரை நியமியுங்கள். திரும்பத் திரும்ப மீறுகிறவருக்கு அடுத்த முறை மேசை தராதீர்கள். முன்கூட்டியே நுழைய யார் யாருக்கு அனுமதி, அதற்கு என்ன கட்டணம் என்பதை வாசலில் ஒட்டிவிடுங்கள், சேகரிப்பாளர்களும் படிக்கட்டும். அடுத்த விண்ணப்பப் படிவத்தோடு இந்த விதிகளையும் சேர்த்து அனுப்பினால், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளில் மேசை போடும் ஒரு நாணய வியாபாரி