'நெகிழ்வற்ற சிந்தனை'யும் மீட்டர் கேஜும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கட்டுரையில 'நெகிழ்வற்ற சிந்தனை'ன்னு நாலு இடத்துல போட்டிருந்தீங்க. ரப்பர் செருப்பு விளம்பரம் மாதிரி இருந்துச்சு சார், கோச்சுக்காதீங்க. படிச்சதும் என் பொண்ணு ஆபீஸ்ல நடந்த கூத்துதான் ஞாபகம் வந்துச்சு.

அவ கிண்டில ஒரு கம்பெனில பிரேசில்காரங்க போர்ச்சுகீஸ்ல அனுப்புற மெயிலை இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்குறா. அங்கேர்ந்து ஒருத்தர் இங்க இருக்குற மேனேஜரை 'பிட்டோலாடு'ன்னு எழுதியிருக்காரு, இவளும் டிக்‌ஷனரிய பாத்து 'நேரோ மைண்டட்', அதாவது குறுகிய மனசுக்காரர்னு போட்டு அனுப்பிட்டா, அந்த மேனேஜர் என்னை ஏதோ சாதி பாக்குறவன் ரேஞ்சுக்கு சொல்லிட்டாங்களேன்னு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாராம்.

ராத்திரி சாப்புடும்போது பொலம்பினா. 'பிட்டோலா'ன்னா என்னம்மான்னு கேட்டேன், தண்டவாளத்தோட கேஜ்ப்பான்னா. ரயில்வேல ரிடையர் ஆன எனக்கு அது போதாதா! நம்ம பீச்-தாம்பரம் லைன்ல 1931லேர்ந்து 2004 வரைக்கும் ஓடுன மின்சார ரயில் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர், பிரேசில்லயும் பெரும்பாலான லைன் அதே அளவுதான். அந்த வண்டிய 1676 மில்லிமீட்டர் பிராட் கேஜ்ல ஏத்துனா ஒரு அடி நகராது. வண்டி மேல தப்பில்ல, அதுக்கு அந்த ஒரு அளவுதான் தெரியும். பிட்டோலாடுன்னா அப்படிப்பட்ட ஆளு, கெட்ட மனசுக்காரர்னு அர்த்தமே இல்ல.

அப்போ 'ஒன் ட்ராக் மைண்ட்'னு போடேன்னு பெருமையா சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா. எந்நேரமும் ஒரே நெனப்பு, அதுவும் பாதி நேரம் 'அந்த' நெனப்புல இருக்குறவன்னு இங்கிலீஷ்காரன் எடுத்துப்பானாம். பழசையே புடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு 'ஹைட்பவுண்ட்'னு ஒண்ணு இருக்காம், தீனி இல்லாம தோல் எலும்போட ஒட்டுன மாட்டுக்கு வச்ச பேரு, ஆனா இப்ப யாரு அதை பேசுறாங்க. போர்ச்சுகீஸ்லயே 'எஞ்ஜெசாடு'ன்னு இன்னொண்ணு, மாவுக்கட்டு போட்டதுன்னு அர்த்தம், அது ஆளை விட பட்ஜெட், சட்டதிட்டத்துக்குதான் அதிகம் சொல்லுவாங்களாம்.

நம்மகிட்ட மட்டும் பஞ்சமா? முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிறவன் வேற, தெரிஞ்சே அடம் புடிக்கிறவன். சுத்துறதே தெரியாம சுத்துறது செக்குமாடு, பிட்டோலாடுக்கு அதுதான் சரி. ஜன்னலும் சாவியும் போர்ச்சுகீஸ்லேர்ந்து வாங்கி நம்மளுதாக்கிக்கிட்டோம், இதுக்கு வாங்கக்கூட வேணாம்.

கடைசியில அவ 'செட் இன் ஹிஸ் வேஸ்', அதாவது தன் பழக்கத்த மாத்திக்காதவர்னு மாத்தி அனுப்புனா. மேனேஜர் 'ஆமா, நான் அப்படித்தான்'னு சிரிச்சாராம். அடுத்த தடவை நீங்க 'செக்குமாட்டுப் புத்தி'ன்னே போடுங்க சார்.

உங்கள் நெடுநாள் வாசகர்,
மந்தவெளி, சென்னை-28