அனுமதிச் சீட்டு முதலில், விமானச் சீட்டு பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

மலிவாக விமானச் சீட்டு கிடைத்ததும் வாங்கிப் போட்டுவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். பேங்காக்குக்கும் மதுரைக்கும் அது சரிப்பட்டு வரும். யுகாண்டாவின் பிவிண்டி தேசியப் பூங்காவுக்கு மலைக் கொரில்லா பார்க்கப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. அந்தப் பயணத்தில் தேதி, விடுதி, விமானம் எல்லாவற்றையும் முடிவு செய்வது பூங்காவின் அனுமதிச் சீட்டுதான்.

மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே, ஒரே ஒரு மணி நேரம்தான் பார்க்கலாம். அப்படி ஒரு குடும்பத்தைப் பழக்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதனால் இடங்கள் மிகக் குறைவு. வெளிநாட்டவருக்கு யுகாண்டாவில் கட்டணம் 2024 ஜூலை முதல் 800 அமெரிக்க டாலர். நம் சிங்கப்பூர்க் கணக்கில் ஆயிரம் வெள்ளிக்கு மேல். ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் 2017 முதல் 1,500 டாலர். காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்கா பூங்காவைச் சண்டை ஓயும்வரை விட்டுவிடுவதே நல்லது. இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. நம் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை அங்கே மழை குறைந்த பருவத்தோடு ஒத்துப்போகிறது. உலகமே அப்போதுதான் வருகிறது. குறைந்தது ஆறு மாதம் முன்பே சீட்டை உறுதி செய்யுங்கள். யுகாண்டா வனவிலங்கு ஆணையத்திடம் நேரடியாகவோ அங்கு பதிவுபெற்ற முகவர் வழியாகவோ வாங்கலாம். கையில் சீட்டு எண் வந்த பிறகு விமானத்தைப் பாருங்கள்.

பயணம் குலைவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். பிவிண்டிக்கு நான்கு வாசல்கள்: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, இங்குரிங்கோ. யுகாண்டாச் சீட்டு குறிப்பிட்ட வாசலுக்கென்றே விற்கப்படுகிறது. ருஷாகாவுக்குச் சீட்டு வாங்கிவிட்டு, இணையத்தில் அழகாகத் தெரிந்ததென்று புஹோமாவில் அறை எடுத்தால், இடையில் கிடப்பது முந்நூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் காடு. மலையைச் சுற்றும் மண் சாலையில் பல மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு விளக்கக் கூட்டம் தொடங்கிவிடும். தாமதமாகப் போனால் குழு கிளம்பியிருக்கும், பணமும் போகும். ஆகவே சீட்டில் உள்ள வாசலின் பெயரைப் பார்த்துவிட்டு, அதற்கு அருகிலேயே தங்குங்கள். என்டெபே விமான நிலையத்திலிருந்து சாலை வழி எட்டு முதல் பத்து மணி நேரம். ருஷாகா என்றால் ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி எல்லையைக் கடப்பது பாதி நேரம்தான். உள்நாட்டுச் சிறு விமானத்தில் புஹோமாவுக்குக் கிஹிஹியிலும் தெற்குப் பக்கத்துக்குக் கிசோரோவிலும் இறங்கலாம். ஆனால் பெட்டி 15 கிலோவுக்குள், மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் தள்ளிக்கொண்டு போகும் கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள்.

பதினைந்து வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட வந்தால், அன்று பெரியவர் ஒருவர் விடுதியில் தங்கியாக வேண்டும். அதைக் கணக்கில் வைத்துச் சீட்டு வாங்குங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. சிங்கப்பூர்த் தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ்/ஓ, டி/ஓ என்று தந்தை பெயர் தொடரும். படிவத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுத, முகவர் வேறு விதமாகச் சுருக்க, கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாக இருக்கும். அனுமதிச் சீட்டில் இருப்பது கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். காலையில் பதிவு செய்யும்போது அசல் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். ஒரே வீட்டில் ஒருவர் குடிமகன், மற்றவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால், விசா விதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் யுகாண்டா உள்ளே விடாது. அதைவிட முக்கியமாக, திரும்பி வரும்போது சிங்கப்பூரும் அதே சான்றிதழைக் கேட்கும். இல்லாதவர்களை ஆறு நாள்வரை தனிமைப்படுத்த இங்கே விதி உண்டு. சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். எல்லா மருந்தகத்திலும் இந்த ஊசி கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் போட வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி. அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மை போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசியும் தேவையென்றால் இரண்டையும் ஒரே நாளில் போடுவார்கள், அல்லது நான்கு வாரம் இடைவெளி விடுவார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேளுங்கள். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் ஊர் திரும்பிய பின்னும் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். வீடு வந்ததும் நிறுத்துவது பெரிய தவறு.

உடம்பைப் பொறுத்தவரை புக்கிட் தீமா குன்றை வைத்து அளக்காதீர்கள். அது 163 மீட்டர், படியும் தார்ச்சாலையும் உண்டு. பிவிண்டி ஏறத்தாழ 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர்வரை எழும் செங்குத்தான காடு. பல இடங்களில் பாதையே கிடையாது, வழிகாட்டி அரிவாளால் வெட்டிக்கொண்டு போவார். காலடியில் மண்ணுக்குப் பதிலாகக் கொடிகளின் மெத்தை இருக்கும், கால் உள்ளே இறங்கும். கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் புதுப் படுக்கை கட்டுபவை. தடம் பார்ப்பவர்கள் விடியுமுன் நேற்றைய படுக்கைக்குப் போய், அங்கிருந்து தடத்தைத் தொடர்ந்து, கையிலுள்ள கம்பியில்லாக் கருவியில் வழிகாட்டிக்குத் தகவல் சொல்வார்கள். அது அரை மணி நடையாகவும் இருக்கலாம், ஆறு மணி நடையாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே வீவக அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

முழுக்கை, முழுக்கால் சட்டை, நீண்ட காலுறை போட்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படையெறும்பு வரிசையை மிதித்தால் ஏன் என்று புரியும். காஞ்சொறிச் செடியைப் பிடித்துவிடாமலிருக்கத் தோட்டக் கையுறை அவசியம். புதுக் காலணி வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, விடுதி கட்டித்தரும் மதிய உணவு போதும். சைவம் என்றால் முதல் நாள் இரவே சமையலறையில் சொல்லிவிடுங்கள். சுமைதூக்கி ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள், ஏறத்தாழ 20 டாலர்தான். அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். பையைச் சுமப்பதோடு சறுக்கும் இடத்தில் கையைப் பிடித்து இழுத்தும் விடுவார். நடக்க முடியாத பெற்றோரை நாற்காலியில் சுமந்து செல்லவும் ஆள் உண்டு. அதற்குப் பல நூறு டாலர் ஆகும், முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2009க்கு முந்தைய டாலர் நோட்டையும் கிழிந்த நோட்டையும் யாரும் வாங்கமாட்டார்கள்.

இருமலோ சளியோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள். இதை ஒரு சம்பிரதாய விதியாக எண்ணி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2018இல் வெளியான கணக்கெடுப்பின்படி உலகில் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். எந்த விலங்குத் தோட்டத்திலும் அவை இல்லை. அங்கு நாம் பார்ப்பவை தாழ்நிலக் கொரில்லாக்கள். நமக்குச் சாதாரணச் சளி தரும் கிருமிக்கு அவற்றின் உடலில் எதிர்ப்பு இல்லை. 2009இல் ருவாண்டாவில் ஹிர்வா குடும்பத்தில் மனிதர்களிடமிருந்து வந்த மெட்டாநிமோ என்ற சுவாசக் கிருமி பரவி இரண்டு கொரில்லாக்கள் இறந்தன. 1996இல் பிவிண்டியிலேயே மனிதர்களிடமிருந்து தொற்றிய சிரங்கால் குட்டி ஒன்று இறந்தது. மற்றவற்றைக் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகாவின் குழு மருந்து கொடுத்துக் காப்பாற்றியது. சிங்கப்பூரிலிருந்து போகிறவர் நீண்ட நேரம் விமானத்தில், துபாய் அல்லது தோஹா கூட்டத்தில் இருந்துவிட்டு வருகிறார். சளிக் கிருமி வெளிப்பட ஓரிரு நாள் ஆகும். எனவே விமானத்தில் முகக்கவசம் அணியுங்கள். இறங்கியதற்கும் காட்டுக்குள் போவதற்கும் நடுவே இரண்டு நாளாவது விடுங்கள். உடல்நலமில்லை என்று முன்வந்து சொல்பவருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது.

கொரில்லாக்களை நெருங்கியதும் கைத்தடி, பை, சாப்பாடு எல்லாவற்றையும் சுமைதூக்கியிடம் விட்டுவிட வேண்டும். முகக்கவசம், பத்து மீட்டர் இடைவெளி. குட்டி ஆர்வத்தில் ஓடி வந்தால் பின்வாங்குவது நம் வேலை. முதுகில் வெள்ளி நிற ரோமம் கொண்ட தலைவன் மார்பில் தட்டிப் பாய்வதுபோல் வந்தால் ஓடக் கூடாது. குனிந்து, கண்ணைப் பார்க்காமல், வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். கைப்பேசியின் ஒளிவீச்சை முதல் நாளே அணைத்து வையுங்கள். கறுப்பு ரோமத்தைக் கண்டு கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பின்னால் இலைகள் வெளுத்துப் போகும். கேமராவின் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைத்தால் முகம் தெளியும். மூக்குக்கு மேலுள்ள சுருக்கங்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது வேறு, வழிகாட்டிகள் அதை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் படமே எடுக்காமல் பார்ப்பது என் ஆலோசனை.

இங்குள்ள பயண நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கொரில்லா காட்சி அடக்கம்’ என்ற ஒற்றை வரியோடு விளம்பரத்தை முடிக்காதீர்கள். எந்த வாசல், அனுமதிச் சீட்டு ஏற்கெனவே வாங்கியாயிற்றா, வாங்கவில்லையென்றால் முன்பணம் திரும்புமா, குறைந்தபட்ச வயது 15, மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கடைசி நாள் எது, உடல்நலமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பணம் வாங்குமுன் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்