ஹவாய் சட்டையும் நம் கடற்கரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இளைஞர் பக்கத்தில் அமெரிக்காவின் ஹவாய் தீவுகளின் பாணியில் இளைஞர்கள் போடும் சட்டை, டி-ஷர்ட், தொப்பி (ஸ்ட்ரீட்வேர்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் தையல்கடை வைத்திருப்பவன், துணி பற்றி எது வந்தாலும் விடமாட்டேன். புது வெளியீடுகள், பெரிய பிராண்டுகளோடு கூட்டு, விலை, எந்த நிறம் ஓடுகிறது, எல்லாம் இருந்தது. ஆனால் அந்த டிசைனை வரைந்தது யார், அந்தத் தீவுக்காரர்களுக்கு அதில் என்ன பங்கு என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹவாய் சட்டை ஒரே கூட்டத்தாரின் சொத்து என்று நான் சொல்லவரவில்லை. கரும்புத் தோட்ட வேலைக்கு ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள் கலந்து வாழ்ந்த இடம் அது, ஜப்பானியரின் கிமோனோ அங்கிக்கான துணியை வெட்டிச் சட்டையாகத் தைத்ததிலிருந்து வளர்ந்த உடை. 1935-ல் ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவில் ஒரு ஜப்பானியத் தையல்கடை 'அலோஹா சட்டை' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் எல்லரி சுன் என்ற சீன வம்சாவளி வியாபாரி அந்தப் பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். அப்புறம் சுற்றுலாக்காரர்கள் வாங்க வாங்க, தென்னை, அலைச்சறுக்குப் பலகை, நடனமாடும் பெண் என்று உலகம் முழுக்க ஒரே அச்சு.

இதை மாற்றியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஹிலோ நகரத்தில் 1985-ல் கடை போட்ட சிக் ஜேன், தீவின் லெஹுவா பூவையும் சேம்பு இலையையும் துணியில் கொண்டுவந்தார். அவர் மனைவி நலானி கனகஓலே, ஹவாயின் பாரம்பரிய நடனமான ஹுலாவுக்கு ஆசிரியையாக இருந்தவர், அதனால் எந்தச் செடிக்கு எந்தக் கதை என்பது வீட்டிலேயே இருந்தது. ஹவாய் பூர்வகுடிகள் சேம்பைத் தங்கள் வம்சத்தின் மூத்த அண்ணனாக நினைப்பவர்கள், அவர்களுக்கு அந்த இலை வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. மொலோகாய் தீவில் கெயலோபிகோ என்ற நிறுவனம், உடையின் உட்புறத்திலேயே அந்த உருவத்தின் கதையை அச்சிட்டுத் தருகிறது. ஹொனலுலுவின் ஃபிட்டெட் கடை, அமெரிக்கத் தொப்பி நிறுவனமான நியூ எராவோடு சேர்ந்து தொப்பி வெளியிடும்போது இரண்டு பெயரும் சேர்ந்தே வரும். கூட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தீவுக்காரர் பெயரே இல்லாமல் அவர்கள் பூவை மட்டும் எடுத்து அச்சடித்துவிட்டு 'ஹவாய் கலெக்‌ஷன்' என்று விற்பதற்குக் கூட்டு என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, இதில் எனக்கென்ன அக்கறை? ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் தொங்கும் டி-ஷர்ட்களைப் பாருங்கள். ஏதோ ஊர்த் தென்னை, ஏதோ ஊர் அலை, கீழே மட்டும் ராமேஸ்வரம் என்ற எழுத்து. எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் ஆசையாகப் போடுகிறார்கள். போடட்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வேறு எதுவும் கடையில் இல்லையே. ஆனால் இந்தக் கரையில் வரைவதற்கு என்ன குறை? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், நாங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு, பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, தூக்குப்பாலம், வலசை வரும் பூநாரைகள், கீழக்கரைப் பக்கத்து ஓலைப்பெட்டியின் பின்னல் கட்டம். அந்தப் பின்னலை அப்படியே ஒரு சட்டைக் கட்டமாகப் போட்டால் எந்த ஊர்க்காரனும் நின்று பார்ப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். துணிக்கும் வெளியூர் போக வேண்டாம், இதே மாவட்டத்தில் பரமக்குடியும் எமனேஸ்வரமும் தறி போடுகின்றன. சேலை நெய்யும் அந்தக் கைகளுக்குச் சட்டைத் துணியும் வரும், வாங்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று நாளை வந்தால் நெய்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும் சட்டைப் பட்டியில் இருக்க வேண்டும், பாசி எடுக்கும் பெண்களின் படத்தைப் போட்டால் அவர்களைக் கேட்டுப் போட வேண்டும், விற்ற பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும். ஹவாயில் இவ்வளவு காலம் கழித்துச் சண்டை போட்டுக் கேட்பதை நாம் முதல் சட்டையிலேயே செய்துவிடலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது வடிவமைத்தவர் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். கூடவே எமனேஸ்வரம் நெசவாளர் ஒருவரையும், டி-ஷர்ட் டிசைன் செய்யும் நம் மாவட்டத்துப் பையன் அல்லது பெண் ஒருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேட்டி எடுங்கள். மாதிரிச் சட்டை நான் தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர், மண்டபம்