சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று பலமாக வீசும்போது பஸ்ஸை ஒட்டி ஓட்டாதீர்கள். பஸ் கடக்கும் நொடியில் காற்று தடைபடும். பஸ் விலகியதும் காற்று மொத்தமாக வந்து தள்ளும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கினால் சைக்கிள் இன்னும் இழுக்கும். பையைப் பின் கேரியரில் கட்டுங்கள். தள்ளாடினால் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

சாலையோர மணலில் முன் பிரேக்கை அழுத்தினால் வழுக்கிவிடும். உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. துருவின் மேலேயே எண்ணெய் ஊற்றுவது வீண். முதலில் துணியால் துடையுங்கள், பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். வழிவதைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டும். எண்ணெய் ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது.

எதிர்த்திசையில் வருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இருட்டிய பின், பின்விளக்கு இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.